தனுஷாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை

மானிப்பாய்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்.

அன்பும் மதிப்பும் மிக்க தேவகுமாரி அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் அத்தானும் அவ்வாறே இருக்கச் செபிக்கிறோம். குடும்பக் குழுவில் போட்டால் ஊரே வாசிக்கும் என்பதால், கையால் எழுதிப் படமெடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

அக்கா, என் மகள் தனுஷாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, நோய் நொடி ஒன்றும் இல்லை. நீங்கள் போனில் கண்டது நாடகம். திருநெல்வேலியில், யாழ்ப்பாணக் கம்பஸுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் அவள் தனியாளாக நடித்தது. நாடகம் என்றால் ஒரு ராசாவாவது வேண்டாமா? இதில் ஒரு கட்டில், வாந்தி எடுக்க ஒரு பேசின், இவள், அவ்வளவுதான். பின்சுவரில் இவளுடைய முகநூல் படங்கள் பெரிதாக விழும்: கடற்கரையில் சிரிக்கிறாள், ஐஸ்கிரீம் குடிக்கிறாள். கீழே கட்டிலில் அதே பிள்ளை முனகுகிறாள். பரிசோதனை நாடகமாம். எனக்குத் தெரிந்தது இரத்தப் பரிசோதனைதான்.

அதை யாரோ நேரலையாக விட, நீங்கள் பாதியில் திறந்து, "தனுஷா ஆஸ்பத்திரி வாட்டிலை கிடக்கிறாள், செபியுங்கோ" என்று குழுவுக்கும், உங்கள் பள்ளித் தோழி ரஞ்சினிக்கும் அனுப்பிவிட்டீர்களே, அதில்தான் தொடங்கியது வில்லங்கம். ரஞ்சினி செபக்கூட்டத்துப் பெண்களை ஒரு வான் வண்டியில் ஏற்றி, வழியில் நோயாளிக்கென்று தோடம்பழமும் நெஸ்டமோல்ட் மா டின்னும் வாங்கி, "ஆஸ்பத்திரியிலை இடமில்லாமல் மண்டபத்திலையோ கட்டில் போட்டிருக்கினம்?" என்று நாட்டைத் திட்டிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேடையில் ஏறி, கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றுவிட்டா. நான் எழும்பி, "இறங்குங்கோ, இது நாடகம்!" என்று கத்தினேன். "பிள்ளை கிடக்கிற கிடையிலை உங்களுக்கு நாடகம் கேக்குதோ மாஸ்ரர்?" என்றா. சனம் எனக்கும் சேர்த்துக் கைதட்டியது.

"ஏன் குஞ்சு எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று ரஞ்சினி கேட்க, தனுஷா சொன்னாள்: "மூண்டு மாசம் கிடந்தன் அன்ரி. ஒருத்தரும் வந்து பாக்கேல்லை."

அது வசனம், அக்கா. பாடமாக்கிய வசனம். செபம் முடியுமட்டும் ரஞ்சினியின் கையை விடாமல் பிடித்திருந்ததும் நடிப்பு. அழுததும் நடிப்புத்தான். ஒரு விரிவுரையாளர் வந்து, கூட்டுச்செபக் காட்சி வலு துணிச்சல் என்று எனக்குக் கைகொடுத்தார்.

இப்போது உங்கள் சேர்ச்சுக்கு வருகிற எமில்ராஜ் தம்பியின் தாய், "பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டுப் போன் எடுக்கிறா. தம்பிக்கும் தனுஷாவுக்கும் கலியாணப் பேச்சுக்கால் முற்றாகிற நேரம் இது. எல்லாம் நடிப்பு, பிள்ளை குத்துக்கல்லு மாதிரி இருக்கிறாள் என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும். உங்கள் சொல்லை அவர்கள் தட்டமாட்டார்கள்.

அத்தானுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அந்தக் குளிரிலும் கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டை விட்டு அசையாதிருப்பதாக.

இப்படிக்கு, தம்பி
ஜெபரட்ணம்

பி.கு.: தனுஷா இதை வாசித்துப்போட்டாள். "நீங்கள்தான் அப்பா நல்லா நடிக்கிறியள்" எண்டாள். அக்கா, மேலை எழுதினதை விடுங்கோ. போன வருசக் கடைசியிலை அவளுக்குப் புற்றுநோய். கொழும்பிலை கோர்ஸ் படிக்கிறாள் எண்டு உங்களுக்குச் சொன்ன மூண்டு மாசமும் ஆஸ்பத்திரியிலைதான் கிடந்தவள். பழைய படங்களை முகநூலிலை அவளின்ரை பேரிலை போட்டுக்கொண்டிருந்தது நான். இப்ப சுகம், டொக்டரும் சொல்லிப்போட்டார். எமில்ராஜின்ரை தாய்க்கும் அவளே எடுத்து எல்லாம் சொல்லிப்போட்டாள். நாளைக்கு உங்களோடை வீடியோவிலை கதைக்கப்போறாளாம். தலைமயிர் இப்பதான் முளைக்குது. அழுகை வந்தால் அழுங்கோ அக்கா, போனை மட்டும் வைச்சிடாதேங்கோ.