இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு

எங்கள் மலைநாட்டுக்கு வடக்கே ஒரு வல்லரசு, தெற்கே ஒரு வல்லரசு. இரண்டுக்கும் ஆகாது. ஒரே மாதத்தில் இரண்டும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆளுக்கொரு எக்ஸ்ரே மெஷினை நன்கொடையாக அனுப்பின. எதை முதலில் ஓட்டினாலும் மற்றவர் மனம் புண்படுமாம். இரண்டையும் போர்வை போட்டு மூடும்படி தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. கம்பவுண்டரான நான்தான் மூடினேன்.

மழைக்காலத்தில் எங்கள் ஊர் விவசாயி பால்மாயா தமாங், உருளைக்கிழங்குக் கூடையோடு சரிவில் சறுக்கி விழுந்தாள். இடது கால் வீங்கிவிட்டது. எந்த மெஷினைத் திறப்பது என்று கேட்டு டாக்டர் சரளா தலைநகருக்குப் போன் போட்டதும் வெளியுறவு இலாகாவிலிருந்து நரநாத் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அதிகாரி என்பது அவர் குடும்பப் பெயர், மனிதரும் அப்படித்தான்.

"வலது காலுக்கு ஒண்ணும் ஆகலையா?" அவர் குரலில் ஏமாற்றம்.

"ஏன் ஐயா, அதையும் உடைச்சுக்கணுமா?" என்றாள் பால்மாயா.

"பதறாதீங்க அக்கா. இடது கால் வடக்கு மெஷின்ல, வலது கால் தெற்கு மெஷின்ல. கணக்கு சரியாப் போச்சு."

சரியாகப் போகவில்லை. 'உடைந்த கால் அவர்களுக்கு, நல்ல கால் எங்களுக்கா?' என்றார் தெற்குத் தூதர். தெற்கு எல்லையில் டீசல் லாரிகள் நின்றுபோயின. கால்களை மாற்றிப் படம் எடுத்தோம். 'எங்கள் படத்தில் நம்பிக்கை இல்லையா?' என்றார் வடக்குத் தூதர். அந்தப் பக்கம் ஆப்பிள் லாரிகள் நின்றன.

நரநாத் அறிக்கை விட்டார்: "இரு நட்பு நாடுகளின் கண்டுபிடிப்புகளையும் அரசு சம மதிப்புடன் ஏற்கிறது. ஆகவே இரு கால்களும் முறிந்தவையாகக் கருதப்படும்."

"நல்ல காலுக்கு மாவுக்கட்டா?" டாக்டர் கொதித்தார்.

"உங்களுக்கு வைத்தியம் தெரியும் டாக்டரம்மா. வெளியுறவு தெரியாது."

கட்டு போட்டோம். பால்மாயா அழுதாள். "கிழங்கு மண்ணுக்குள்ளயே அழுகுதே, யாரு தோண்டுவா?"

"நாடே உங்க பின்னாடி நிக்குது அக்கா."

"பின்னாடி நின்னு என்னத்துக்கு? முன்னாடி வந்து தோண்டச் சொல்லுங்க!"

யாரும் போகவில்லை. எங்களுக்கு வேறு வேலை இருந்தது. லாரிகள் நகர்ந்துவிட்டன, இரண்டு தூதர்களும் ஒரே நாளில் பழக்கூடையோடு நோயாளியைப் பார்க்க வந்தார்கள். ஊரே வாசலில் வரிசை கட்டியது. வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு கொடி கொடுத்திருந்தார்கள். ஒரே உயரத்தில் ஆட்டினோம். நானும் தோள் வலிக்க ஆட்டினேன்.

பால்மாயாவைக் கட்டிலோடு தூக்கி வந்து வராந்தாவில் வைத்தார்கள். அவள் கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள்.

"எல்லாம் சரி, நம்ம நாட்டுக் கொடி எங்க?"

குனிந்து எங்கள் கைகளைப் பார்த்தோம். இருந்த இரண்டு கையிலும் இரண்டு கொடி. மூன்றாவதைப் பிடிக்க எங்கள் யாருக்கும் கை இல்லை.