எட்டு மெஷின், நாலு எலுமிச்சம்பழம்

“ஃபேக்டரியா, கோயிலா இது? எல்லாத்தையும் பிச்சுப் போடு!”

மேனேஜர் தமிழரசன் கத்திவிட்டுப் போனதும், பிரதாப் எட்டு லேத் மெஷின்களையும் அண்ணாந்து பார்த்தான். ஒவ்வொன்றின் தலையிலும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பிரதாப் தென்காசிக்காரன். ஓசூருக்கு வந்து ஆறு மாதமாகியும் டிரெயினிதான். வேலை நிரந்தரமாகுமா என்பது அடுத்த மாதம் தெரியும். மேனேஜரைப் பகைத்துக்கொண்டால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

“பழத்தைத் தொட்டா ரிஜெக்ட் ஆகுற பீஸ் ஏறும் சார். சொல்லிட்டன்” என்றார் ஆபரேட்டர் ஆஞ்சப்பன்.

“அப்ப சோதிச்சுப் பார்த்துருவோம் அண்ணாச்சி. சீட்டுக் குலுக்கி நாலு மெஷினுக்கு மட்டும் பழம். பழத்தால ஒண்ணும் ஆகாதுன்னு முதல்ல வச்சுக்கிடுவோம். அப்படியிருந்தும் ரிஜெக்ட்ல பெரிய வித்தியாசம் வந்து, அது தற்செயலா வர நூத்துக்கு அஞ்சு வாய்ப்புகூட இல்லைன்னா, நாம நினைச்சது தப்புன்னு ஒத்துக்கிடணும்.”

“யாரு, நீங்க ஒத்துக்குவீங்களா?”

“கணக்கு சொன்னா ஒத்துக்கிடத்தான வேணும்!”

எந்த மெஷினில் கடைந்த இரும்புப் பின்னும், மெஷின் நம்பர் எழுதிய டிரேயில், கடைசியில் தரம் பார்க்கும் காவேரியின் மேசைக்கு வந்தாக வேண்டும். நல்லது நீலத் தொட்டி, பழுது சிவப்புத் தொட்டி. பன்னிரண்டு வருட சர்வீஸ். கணக்குக்கு அவளைவிட நம்பகமான ஆள் கிடையாது.

ஒரு வாரம் போயிற்று. பழமுள்ள மெஷின்களில் ரிஜெக்ட் பாதிதான். தற்செயலாக அப்படி வர நூற்றுக்கு இரண்டே வாய்ப்பு. பிரதாப் கணக்குத் தாளை மேனேஜரிடம் கொண்டுபோய் நீட்டினான்.

“பழத்தை எடுக்கச் சொன்னா, அதுக்கு சர்டிபிகேட் வாங்கிட்டு வர்றியா?” என்று எகிறினார் தமிழரசன். “ஒரு வாரம் பத்தாது. இன்னும் பாரு!”

இன்னும் பார்த்தான். வாய்ப்பு ஆயிரத்துக்கு ஒன்றாகச் சுருங்கியது. ஒருவேளை அந்த நாலும் நல்ல மெஷின்களோ என்று பழத்தை மற்ற நாலுக்கு மாற்றினான். அதிர்ஷ்டமும் பழத்தோடு கூடவே இடம் மாறியது.

“பார்த்தீங்களா?” என்றார் ஆஞ்சப்பன். மீசையில் கை போய்விட்டது.

தமிழரசன் அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். நாலாவது தடவை ஷூவைக் கழற்றிவிட்டு மெஷினுக்கு முன்னால் நின்றார். “எட்டுக்கும் கட்டுய்யா.”

கட்டினார்கள். அந்த வாரம் ரிஜெக்ட் பூஜ்யம். கம்பெனி வரலாற்றிலேயே இல்லாத பூஜ்யம். மூன்று லோடு இரும்புப் பின் பெங்களூருக்குக் கிளம்பியது. தமிழரசனே நிரந்தர வேலைக்கான ஆர்டரைக் கையில் கொடுத்து, தோளிலும் தட்டினார்.

பிரதாப் மைசூர்பாகு டப்பாவோடு நேராகக் காவேரியிடம் ஓடினான்.

“எடுத்துக்கோங்கக்கா. ஒரே ஒரு பீஸ்கூடப் பழுதாகலையே, எனக்கு இன்னமும் நம்பவே முடியல!”

காவேரி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“பழுது எப்பவும்போலதான் வருது சார். பூசை போட்ட மெஷின்ல வந்ததைச் சிவப்புத் தொட்டில போட்டா சாமி குத்தம் ஆயிடாதா? அதான் நீங்க சாமியைச் சோதிக்க ஆரம்பிச்சதும் பாதியை நீலத்துல போட்டன்; மேனேஜரே ஷூவைக் கழட்டின பிறகு மொத்தத்தையும் நீலத்துலயே போட்டுட்டன்.”