ஏட்டையா வீட்டுப் புன்னை

"பின்னால என்ன அண்ணாச்சி, புகையா வருது?" என்று கேட்டுக்கொண்டே ஆலங்குளத்து மாப்பிள்ளையின் அப்பா கை கழுவப் புறவாசலுக்குப் போனார். போனவர் செம்பைத் தரையில் வைத்தார். திரும்பி வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். இலைகளில் பாதி வடை அப்படியே கிடந்தது.

மங்களேஸ்வரிக்கு இது நாலாவது வரன். நாலு பேரும் கை கழுவப் போன இடத்தில்தான் மனசு மாறினார்கள்.

அவள் அப்பா சங்கரபாண்டி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் திருடர்களைப் பிடித்த மனிதர், தென்காசியில் சிற்றாற்றங்கரைப் பக்கம் வீடு சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஓடிப்போய் வாங்கினார். ஏன் சல்லிசு என்பது பத்திரம் பதிந்த மறுநாள்தான் தெரிந்தது. இடுப்பு உயரச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் சுடுகாடு. தரகர் வீடு காட்டிய அன்று ஊரில் ஒருவரும் சாகவில்லை. அது ஏட்டையாவின் தலையெழுத்து.

"சவத்த, வித்துத் தொலைங்களேன்" என்றாள் மனைவி ஆவுடைத்தாய்.

"எவன் வாங்குவான்? என்னை மாதிரி கேணப்பய இந்தத் தாலுகாவுலயே இன்னொருத்தன் கெடையாது."

மங்களேஸ்வரி வடைகளைப் பொறுக்கி எடுத்தாள். "செத்தவிய நம்மள என்னப்பா செய்யப் போறாவ? உயிரோட இருக்கவியதான் வருதாவ, திங்குதாவ, ஓடிப் போயிருதாவ" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுக்களைக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளே சங்கரபாண்டி சுவரை ஒட்டி உயரமாக ஓலைத் தட்டி கட்டினார். ஆனி மாதக் காற்று தென்காசியில் ஆளையே தள்ளும், ஓலைத் தட்டியை விடுமா? மூன்றாம் நாள் தட்டி பறந்து போய், அந்த நேரம் பார்த்து வந்துகொண்டிருந்த ஒரு பாடையின் மேலேயே விழுந்தது. தூக்கி வந்தவர்கள் பிணம்தான் எழுந்துவிட்டது என்று பாடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். செத்தவரின் மூத்த மகன் கையில் கொள்ளிச் சட்டியோடு சண்டைக்கு வந்தான்.

"மரம் வச்சிருங்க" என்று ஆவுடைத்தாய்தான் யோசனை சொன்னாள். "பச்சையா, எப்பவும் எல உதிராம நிக்க மரமா வைங்க."

குற்றாலத்துத் தோட்டங்களில் வேலை பார்க்கும் பிச்சுமணியை வரவழைத்தார்கள். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுத் திரும்பினான்.

"ரெண்டு மரந்தான் ஏட்டையா இதுக்குச் சரிப்படும். பூவரசு, இல்லன்னா புன்னை."

"என்ன வித்தியாசம்?"

"பூவரசுன்னா கெளையில போத்து வெட்டி நட்டாப் போதும். ஒரு வருஷத்துல தழைச்சு மறைச்சிரும். ஆனா கம்பளிப்பூச்சி வரும். புன்னையில அந்தத் தொந்தரவு இல்ல. எல தடியா, மினுமினுன்னு இருக்கும், எந்தக் காத்துக்கும் உதிராது. அடியிலருந்தே அடர்த்தி. அந்தப் பக்கம் ஆனை நின்னாலும் தெரியாது."

"அப்பப் புன்னைதாம்லே!"

"கன்னு வச்சு மறைக்கதுக்குப் பத்து வருஷம் ஆவும்."

சங்கரபாண்டி விரல் விட்டு எண்ணினார். மங்களேஸ்வரிக்கு இப்போதே இருபத்திரண்டு.

"சவம், பூவரசையே நடு" என்றார்.

பத்துப் போத்து நட்டார்கள். பிச்சுமணி சொன்னது பொய்யில்லை. வருஷம் திரும்புவதற்குள் பச்சைச் சுவர் மாதிரி எழும்பிவிட்டது. அவன் சொன்ன இன்னொன்றும் பொய்யில்லை. கீழப்பாவூரிலிருந்து பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காலையில் மங்களேஸ்வரி கொடியில் காய்ந்த பட்டுப்புடவையை எடுத்து உடுத்தினாள். புடவைக்குள் கம்பளிப்பூச்சி ஏறியிருந்தது. சபைக்கு வந்து நின்றபோது கழுத்தும் முகமும் தடித்துச் சிவந்து, ஒரு கண் மூடிக் கிடந்தது.

"பிள்ளைக்கு என்ன, அம்மையா?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இந்தத் தடவை வடையைக்கூடத் தொடவில்லை.

மங்களேஸ்வரி அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். சங்கரபாண்டி வெட்டரிவாளை எடுத்துக்கொண்டு போய்ப் பத்துப் பூவரசையும் தாமே வெட்டிச் சாய்த்தார். நிமிர்ந்து பார்த்தால், எதிரே சாவகாசமாக ஒரு சிதை எரிந்துகொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஆடிச் சாரல் விழுந்ததும் பிச்சுமணி ஓடி வந்தான். "குத்தாலத்துல ஒரு பங்களாவ இழுத்துக் கட்டுதாவ ஏட்டையா. பத்து வருஷப் புன்னை ஒண்ணு எடஞ்சலா நிக்கி, வெட்டப் போறாவ. வேர் மண்ணோட தோண்டிச் சாக்குச் சுத்திக் கொண்டாந்துருவமா? இந்தச் சாரலுக்குப் பொழச்சுக்கிடும்."

கொண்டுவந்தார்கள். முன்தெரு குறுகல் என்பதால் வண்டி சுடுகாட்டுப் பாதை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. வண்டி நிறைய மரம், பின்னால் தலையைக் குனிந்துகொண்டு ஏட்டையா. பார்த்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? மரம் வந்து சேருவதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. ஆவுடைத்தாயின் தங்கை தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு நுழைந்தவள், அக்காள் அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து இன்னும் பெரிதாகக் கத்தினாள். அன்றைக்கென்று செங்கோட்டையிலிருந்து வந்த ஒரு வரன், தெருமுனையில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தீட்டு வேண்டாம் என்று ரயிலடிக்கே திரும்பிவிட்டது.

சுடுகாட்டில் சிதை அடுக்கும் மாடன் சுவரோரம் கைகட்டி நின்றான். "பச்ச மரமாக் கொண்டாந்திருக்கியளே ஏட்டையா, இது எரியாதே. எத்தன மணிக்கு எடுக்கிய?"

"என்னத்தான்லே எடுக்கணும்!" என்று கத்தினார் சங்கரபாண்டி.

ஆனால் புன்னை பிழைத்துக்கொண்டது. நாலே வாரத்தில் புதுத் தளிர் விட்டு, கிளை தாழ்த்தி, அந்தப் பக்கத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டது. புகை வந்தால் ஜன்னலைச் சாத்தினார்கள். சங்கு ஊதினால், "கோயில்ல ஊதுதாவ" என்றார் சங்கரபாண்டி. கொஞ்ச நாளில் அவரே அதை நம்பவும் தொடங்கினார். ஐப்பசி போயிற்று, தை போயிற்று, மாசி போயிற்று. மரத்துக்கு அப்பால் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

சித்திரையில் புளியங்குடி வரன் வந்தது. மாப்பிள்ளை சொரிமுத்து, எலுமிச்சை கமிஷன் கடைக்காரர். முப்பத்தைந்து வயசு. துணைக்கு ஒரே ஒரு சித்தப்பா.

"யாவாரம், யாவாரம்னு அலைஞ்சதுல கல்யாணத்துக்கு நேரமே கெடைக்கல" என்றார் மாப்பிள்ளை.

ஆவுடைத்தாய் புருஷனை அடுக்களைக்குள் இழுத்தாள். "புளியங்குடியில போயி ஒரு எட்டு விசாரிச்சிட்டு வாங்களேன்."

"சும்மா கெட. நாம அங்கன போயி விசாரிச்சா, அவிய இங்கன வந்து விசாரிப்பாவ."

காணாமல் போன ஒரு கோழிக்காக மூன்று தெருவை விசாரித்த ஏட்டையா அவர். பெற்ற பெண் விஷயத்தில் வாயைக் கட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை கை கழுவ எழுந்தார். சங்கரபாண்டி செம்போடு பின்னாலேயே ஓடினார். சொரிமுத்து புறவாசலில் நின்று மரத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன மரம்?"

"புன்னை, மாப்பிள்ள. அந்தப் பக்கம் ஆத்தங்கரை. வேற ஒண்ணுங் கெடையாது."

"நீங்க அந்தப் பக்கம் போறதுண்டா?"

"எதுக்கு? ஒரு சோலியுங் கெடையாது. எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம்."

சொரிமுத்து கையைக் கழுவிக்கொண்டு நிதானமாகத் துடைத்தார். உள்ளே வந்து ரெண்டு வடை கேட்டு வாங்கித் தின்றார். "வைகாசியிலேயே வச்சிருவோம் மாமா" என்றார்.

வைகாசியில் வீட்டுப் பந்தலிலேயே தாலி கட்டினார். மங்களேஸ்வரி தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அடுக்களைக்குள் போனாலும் நிற்காத சிரிப்பு. சங்கரபாண்டி தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லாம் இந்த மரத்தால் வந்தது என்று புன்னையைத் தொட்டுக் கும்பிட்டார்.

அன்று அவருக்கு எல்லார் மேலும் அன்பு பொங்கியது. தாமே ஒரு இலை நிறையச் சோறும் பாயசமும், புது வேட்டியும் எடுத்துக்கொண்டு போய் மாடனைக் கூப்பிட்டு மரத்தடியில் உட்கார வைத்தார். அப்போது மாப்பிள்ளை கை கழுவப் புறவாசலுக்கு வந்துவிட்டு உள்ளே போனார்.

"எப்படிலே நம்ம மாப்பிள்ள? புளியங்குடிக்காரவிய, நீ பார்த்திருக்க மாட்ட" என்றார் சங்கரபாண்டி பெருமையாக.

மாடன் பாயசத்தை வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"இவியளத் தெரியாமலா ஏட்டையா? ஐப்பசியில ஒரு பொஞ்சாதி, மாசியில ஒரு பொஞ்சாதி, ரெண்டு பேரையும் நம்மூரு ஆஸ்பத்திரியிலருந்து நேரா இங்கன கொண்டாந்துதான எரிச்சாவ. இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு நீங்க பார்க்கலியா?"