கைலாகு கொடுத்தால் கால் போகும்

கரவெட்டியில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு. உள்ளங்கை டொக்டருக்குப் பயப்படாதவர் ஒருவரும் இல்லை. தோல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஒருவருக்கொருவர் கைலாகு கொடுக்கும்போது திடீரென்று பின்னால் நிற்பார். நீட்டிய கையைக் குலுக்க மாட்டார்; புரட்டிப் பிடித்து, பட்டப்பகலில் டோர்ச் அடித்துப் பார்ப்பார். அவர் விரல்கள் சில்லென்று இருக்கும்.

"கடிக்குதோ?" என்பார். அரிப்பு உண்டென்றால் மனம் நிறைந்து கையை விடுவார். இல்லை என்றால் காதுக்குள் ஏதோ சொல்லுவார். அதைக் கேட்டவன் அடுத்த கிழமை நொண்டிக்கொண்டு வருவான். "வயல் வரம்பிலை தடக்குப்பட்டு விழுந்திட்டன்" என்பான். ஒரே வருடத்தில் நான்கு பேர் தடக்குப்பட்டார்கள். அதில் ஒருவருக்கு வயலே கிடையாது. டொக்டரின் கை பட்டால் கால் போகும் என்று ஊர் முடிவு கட்டியது. பிறகு எல்லோரும் கைகட்டியே நின்றோம். போதகர் அதைப் பக்தி என்று நினைத்தார்.

எனக்குக் கன்னத்தில் வளையம் வளையமாகத் தடிப்பு வந்தது. படர்தாமரை என்று மூன்று மாதம் களிம்பு பூசினேன். தலைமயிரும் கோழி கொத்திய கீரைப்பாத்தி போலத் திட்டுத் திட்டாகக் கொட்டியது. மனைவி அப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி.

ஒரு ஞாயிறு திரும்பிப் பார்த்தேன். கண்ணிமைக்காமல் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடிக்குதோ?"

"இல்லை, டொக்டர்."

"கையைத் தாரும்."

உள்ளங்கையில் செம்பு நிறப் புள்ளிகள். நானே அதுவரை கவனித்ததில்லை.

"உது படர்தாமரை இல்லை. சிபிலிஸ் எண்ட மேகநோய் போலை கிடக்கு. அது கனக்க வேஷம் போடும். நாளைக்கே ரத்தம் சோதியும். மனிசியையும் கூட்டிக்கொண்டு போம்."

"அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"எங்கை, எப்ப வந்ததெண்டு நான் கேக்கேல்லை. சொல்லாமல் விட்டால் வயித்துப் பிள்ளை செத்தும் போகலாம். இப்ப ஊசி போட்டால் தப்பும்."

சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இருவருக்கும் நோய் இருந்தது. பிட்டத்தில் பென்சிலின் ஊசி போட்டார்கள். இருவரும் நொண்டிக்கொண்டே வீடு வந்தோம். வரம்பின் இரகசியம் அப்போதுதான் விளங்கியது. மகள் குறையொன்றுமில்லாமல் பிறந்தாள்.

டொக்டர் போன மாதம் இறந்துவிட்டார். ஒருவருடைய கதையும் அவர் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. அவரால் பிழைத்த நாங்களோ, செத்தவீட்டில் அவரைத் தெரியாதவர்கள் போல மதிலோரம் நின்றோம். மனைவி மட்டும் பெட்டியடியில் விழுந்து அழுதாள்.

"அவர் உமக்கு என்ன முறை, பிள்ளை?" என்று ஒரு பெண் கேட்டார்.

"அப்பா முறை" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மதிலை விட்டுப் போய், எல்லோரும் பார்க்க, அவள் பக்கத்தில் இருந்து நானும் அழுதேன்.