முப்பத்தாறு பொருள்கள் கொண்ட பை

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சக்கரம் என்றும் சிலர் வாதாடுகிறார்கள். பாவம், அவர்கள் யாரும் ஒரு சினிமாப் படப்பிடிப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அல்லர். பார்த்திருந்தால் அந்தப் பெருமை துணி காயப்போடும் கிளிப்புக்கே உரியது என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்தேன். நான்கு நாள், கழுத்தில் அட்டை தொங்கப் பார்த்தேன். படப்பிடிப்புக் குழுவினர் கையோடு வைத்திருக்கும் முப்பத்தாறு அரிய பொருள்களின் பெருமையை நாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சியில் இதை எழுதுகிறேன்.

அட்டையில் 'லொகேஷன் ஒருங்கிணைப்பாளர்' என்று இருந்தது. அதற்கு முதல் நாள் வரை நான் ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வெறும் கோகுல்ராஜ். அனுமதிக் கடிதத்தை நகல் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள், "இந்த ஊர்ல தறி இருக்கிற வீடு ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார்கள். களம்பூருக்குப் போய் அரிசி மில் இருக்கிறதா என்று விசாரிப்பது போன்ற கேள்வி. நான் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, "கஷ்டம்தான் சார். ஆனா ஏற்பாடு பண்றேன்" என்றேன். பதவி அப்படித்தான் வந்தது.

படம், நெசவாளர் வாழ்க்கையை 'உள்ளது உள்ளபடி' காட்டப்போகும் படம். எங்கள் தெருவில் நெசவு செய்யும் கிருபாகரன் வீட்டுக்கு அழைத்துப்போனேன். கூடத்தில் குழித்தறி. அதில் வெள்ளைப் பட்டில், வெள்ளி ஜரிகை போட்ட புடவை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கிருபாகரனின் மகள் ரீனா நெய்துகொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக ஊரில் உள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் நெய்தவள், முதல் தடவையாகத் தனக்கு நெய்கிறாள். அடுத்த புதன்கிழமை சர்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளை சார்லி, களம்பூரில் மில் சூபர்வைசர். உடல் நெய்து முடித்துச் சுருட்டியாகிவிட்டது. முந்தானை மட்டும் பாக்கி, நான்கு நாள் வேலை.

"ஷூட்டிங் எத்தினி நேரம்ண்ணா?" என்று கேட்டாள்.

"ரெண்டு மணி நேரம்மா."

"தறி மேல யாரும் கை வெக்கக்கூடாது. எனக்கு வேற புடவ இல்ல."

"ஒரு விரல் கூடப் படாது. என் பொறுப்பு."

'என் பொறுப்பு' என்பது அட்டை போட்டவர்கள் வாயில் தானாக வரும் சொல் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை பூசணிக்காய் உடைந்தது. அன்றுதான் உடைப் பிரிவு உதவியாளர் ஜெயக்குமாரையும் அவர் இடுப்பில் தொங்கிய பையையும் தரிசித்தேன். பார்த்தால் பஸ் கண்டக்டர் பை. திறந்தால் ஒரு பல்பொருள் அங்காடி. முப்பத்தாறு பொருள் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நல்ல மனிதர். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

கதாநாயகனின் சட்டை முதுகுப் பக்கம் ஐந்து கிளிப்பால் இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்தது. முன்னால் பார்த்தால் 'ஜிம்' போகும் நெசவாளி. பின்னால் பார்த்தால் மொட்டைமாடிக் கொடி. அவர் அக்குளில் பெண்கள் உபயோகிக்கும் நாப்கின், வியர்வை சட்டைக்கு வராமலிருக்க. உழைப்பாளிக்கு வியர்க்க வேண்டாமா என்று கேட்டேன். வேண்டும், அதற்குத் தனியாகக் கிளிசரின் பாட்டில் இருக்கிறது என்றார். கண்ணுக்குக் கீழே வீக்கம் தெரியாமல் இருக்க மூலத்துக்குத் தடவும் களிம்பு. உலகம் எங்கேயோ தடவுவதை இவர்கள் முகத்தில் தடவுகிறார்கள். கலைக்கு மேல் கீழ் பேதம் இல்லை என்று நெகிழ்ந்தேன்.

டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்து நாற்காலிக் கால்களுக்கு மாட்டியிருந்தார்கள், இழுத்தால் சத்தம் வராது. சத்தம் என்றதும் ஒலிப்பதிவாளர் ஜோபினைச் சொல்ல வேண்டும். காதில் பெரிய ஹெட்போனோடு என்னிடம் ஓடி வந்தார்.

"தெரு பூரா டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வந்துகினே இருக்கே, இன்னா அது?"

"தறி சார்."

"நிறுத்தச் சொல்லுங்க."

"எந்த வீட்ல சார்?"

"எல்லா வீட்லயும்."

"இது நெசவாளர் படம்தானே சார்?"

"அதனாலதான் சொல்றேன். தறிச் சத்தம் சென்னைல ரெண்டு மரப்பலகைய தட்டி எடுத்துக்குவோம். இது நேச்சுரலா இல்ல."

வீடு வீடாகப் போய் நாற்பது தறியை நிறுத்தினேன். நெசவாளர் வாழ்க்கையைப் படமாக்க நெசவு நிற்க வேண்டியிருந்தது. யாரும் எதிர்க்கவில்லை. அட்டைக்கு அவ்வளவு மரியாதை.

இரண்டு மணி நேரம் என்பது சினிமாக் கணக்கில் நான்கு நாள். தறிக்குழிக்குள் கேமரா இறங்கி உட்கார்ந்துவிட்டது. ரீனா கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் நின்று, "முட்ச்சிட்டாங்களாண்ணா?" என்பாள். "இன்னும் ஒரே ஒரு ஷாட்டும்மா" என்பேன். கிருபாகரன், "ஜல்தி முடிங்க சார், பொண்ணுக்குப் புடவ இல்லாம பேஜாராப் பூடும்" என்று இயக்குநரிடமே சொன்னார். இயக்குநர் அந்த வசனத்தைக் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் கல்யாண அறிவிப்பின் மூன்றாவது ஓலை வாசிக்கிறார்கள் என்று குடும்பமே போயிருந்தது. அப்போதுதான் ஒளிப்பதிவாளர் கேமராவிலிருந்து தலையை எடுத்து, "வெள்ளை எரியுது" என்றார். நான் பதறிப்போய்த் தறியைப் பார்த்தேன். புகை இல்லை. ஜெயக்குமார் விளக்கினார். தூய வெள்ளை கேமராவின் கண்ணைக் கூசச் செய்யுமாம். அதனால் சினிமாவில் வெள்ளையே கிடையாதாம். டாக்டர் கோட்டு, அரசியல்வாதி வேட்டி, பேயின் புடவை எல்லாம் டீ டிகாஷனில் முக்கி எடுத்தவையாம். இத்தனை வருடம் திரையில் நான் பார்த்த வெள்ளை அத்தனையும் டீ.

உடனே அவசர ஆலோசனைக் கூட்டம் கூடியது.

"இந்த வெள்ளை கதைக்குத் தேவையா?" என்றார் இயக்குநர்.

"கதைக்குத் தேவையில்ல சார்" என்றார் ஒளிப்பதிவாளர்.

அந்தப் பெண்ணுக்குத் தேவை என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தான். அவன் கழுத்தில் அட்டை இருந்தது. அவன் கேட்டது இதுதான்: "டீ அடிச்சா அப்புறம் போயிருமா சார்?"

"காட்டன்ல போயிரும்ண்ணா" என்றார் ஜெயக்குமார். "பட்டுல இதுவரைக்கும் அடிச்சதில்ல."

"அடிச்சுப் பாத்தாத்தானே தெரியும்" என்றார் இயக்குநர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பையிலிருந்து டிகாஷன் நிரப்பிய ஸ்பிரே பாட்டில் வந்தது. இயக்குநர் நுண்ணுணர்வு மிக்கவர். "தறி மரத்துல ஒரு சொட்டு படக்கூடாது. அது பாரம்பரியம்" என்றார். மறைப்பு எதுவும் இல்லையே என்று எல்லோரும் திகைத்தார்கள். நான் கடைக்கு ஓடினேன். ஜெராக்ஸ் மெஷின் மேல் மூடும் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து வந்து, தறி மரத்தை மறைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பாவு முழுக்க, முந்தானைக்காகக் காத்திருந்த வெள்ளை இழை முழுக்க, பன்னீர் தெளிப்பது போல டீ தெளிக்கப்பட்டது. மரத்தில் ஒரு சொட்டு விழவில்லை. தறி மேல் ஒருவர் கையும் படவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

பைபிளும் கையுமாக அவர்கள் திரும்பி வந்தார்கள். ரீனா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணா இது?"

"டீம்மா."

"நான் டீ கேக்கலியே."

அவள் கிட்டே போய் ஓர் இழையைத் தொட்டாள். விரலை முகர்ந்து பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவில்லை.

"இந்த முகம்! இந்த முகத்தைத்தான் நாலு நாளா தேடுறேன்!" என்று இயக்குநர் துள்ளினார். "கேமரா ஓடுதா?" ஓடவில்லை. "அம்மா, ஒரே ஒரு தடவை வெளிய போயிட்டு மறுபடி வாங்க. இதே மாதிரி பாருங்க. யாராவது கிளிசரின் குடுங்கப்பா, நிஜக் கண்ணீர் ஸ்கிரீன்ல தெரியாது."

கிருபாகரன் குரலை உயர்த்தவே இல்லை. "போதும் சார். அல்லாரும் வெளிய போங்க" என்றார்.

ஜெயக்குமார் மட்டும் போகவில்லை. பையைத் தரையில் கவிழ்த்து முட்டி போட்டுத் தேடினார். சாக்பீஸ், பவுடர், பற்பசை, கறை எடுக்கும் குச்சி. ஒவ்வொன்றையும் எடுப்பார், பட்டைப் பார்ப்பார், கீழே வைப்பார். புதியதைப் பழையதாக்க அதில் ஒன்பது பொருள் இருந்தன. சுத்தமானதை அழுக்காக்க ஆறு. இல்லாத வியர்வைக்கு ஒன்று, இல்லாத கண்ணீருக்கு இரண்டு. ஒரு பொருளை இருந்தபடியே திருப்பிக் கொடுக்க மட்டும் ஒன்றும் இல்லை.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லண்ணா" என்றார். அவருக்கும் முகம் செத்துப்போயிருந்தது.

பொழுது சாய்வதற்குள் பேக்கப். ஒவ்வொரு பிரிவும் தன் பொருள்களை எண்ணிச் சரிபார்த்தது. ஜெயக்குமார் பையில் முப்பத்தாறும் சரியாக இருந்தன. குழுவுக்கு எந்த இழப்பும் இல்லை என்று பதிவானது. பிறகு விசாரித்ததில், அந்தக் காட்சி 'நீளம் கருதி' படத்திலிருந்து நீக்கப்பட்டதாகத் தெரிகிறது.

திங்களும் செவ்வாயும் ரீனா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. புதிதாகப் பாவு பிணைக்க நாள் இல்லை. டீ குடித்த பாவிலேயே முந்தானையை நெய்து முடித்தாள். புதன்கிழமை சர்ச்சில் நான் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உடல் பால் போல் வெள்ளை. தோளில் விழுந்த முந்தானை மட்டும் திட்டுத் திட்டாகப் பழுப்பு. போட்டோ எடுத்தவர், "இந்த முந்தான எரியவே இல்லம்மா, சூப்பரா விழுது" என்று பாராட்டினார். சார்லியின் அம்மா முந்தானையைத் தடவிப் பார்த்து, "இது இன்னா கலருமா?" என்றாள்.

"சினிமா கலருங்க" என்றாள் ரீனா. அவள் சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் திருமணப் பதிவுக்கு நகல் எடுக்க என் கடைக்கு வந்தாள். நான் மெஷின் மேலிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கி, காகிதத்தை வைத்தேன். அவள் அந்த ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் டீத்துளிகள் காய்ந்து போயிருந்தன. துடைத்திருக்கலாம். தோன்றவில்லை.

"அந்த ஆளு பையில எத்தினி ஐட்டம்ண்ணா இருந்துது?"

"முப்பத்தாறும்மா."

"இந்த ஷீட்டும் சேத்தா?"

"சேராதும்மா. அவங்ககிட்ட ஷீட்டு இல்ல. இது நம்ம கடையுது."

"அப்போ நீங்களும் ஒண்ணு கொண்ணாந்தீங்க."

நகலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

இக்கட்டுரையின் முதல் பத்தியில், குழுவினர் வைத்திருந்த பொருள்கள் முப்பத்தாறு என்று குறிப்பிட்டிருந்தேன். வாசகர்கள் அதை முப்பத்தேழு என்று திருத்தி வாசிக்கவும்.