மௌன மாஸ்டரும் நாக்கறுந்த பிரேக்கும்

காலை ஏழு மணிக்கெல்லாம் பட்டறைத் தெருவில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். லாரி, வேன், டாக்ஸி, பழுதான வண்டிகளை இழுத்து வரும் இழுவை வண்டி, எல்லாமே நோயாளிகள். தெருக்கோடியில் தகரக் கதவு போட்ட ஒரு கொட்டகை. உள்ளே இருக்கும் வைத்தியரின் பெயர் மௌன மாஸ்டர். பெயர்தான் மௌனம். வாயைத் திறந்தால் மூட ஆள் வைக்கவேண்டும்.

அவருடைய வித்தை எளிது. பிரேக் போட்டால் கீச்சென்று கத்துகிற வண்டியை அவரிடம் கொண்டுபோக வேண்டும். முழங்கால் போட்டு, சக்கரத்தில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். பிறகு, அந்தக் கீச்சு வண்டியுடைய சத்தமே அல்ல, விபத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு வண்டியின் ஓலம் என்பார். ரோட்டில் அடிபட்ட வண்டி அழுதுகொண்டே கிடக்குமாம். அதன் பக்கத்தில் நின்றால் போதும், அழுகை வந்து பிரேக்கில் ஒட்டிக்கொள்ளுமாம். ஓலத்தை இறக்கி, நாற்பது நாள் இருட்டறையில் மௌனம் பழகிய புது பிரேக் பேடை, அதாவது சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கட்டையை, போட்டால்தான் தீருமாம்.

இதில் வசமாக மாட்டியவர்கள் இழுவை வண்டிக்காரர்கள். அவர்கள் தொழிலே நொறுங்கின வண்டியைக் கொக்கியில் மாட்டி இழுப்பதுதானே.

"போன மாசம் ஒரு வெள்ளை வண்டியை இழுத்தியா?" என்பார் மாஸ்டர்.

இழுவைக்காரன் வெலவெலத்துப் போவான். வெள்ளை வண்டியை இழுக்காத இழுவைக்காரன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்க அங்கே ஓர் ஆள் இல்லை. எல்லாருக்கும் வாய் இருந்தது. ஆமாம் போட மட்டுமே திறந்தார்கள்.

கொக்கிக்காரர் என்று தெருவே அழைக்கும் மனிதரிடமும் ஓர் இழுவை வண்டி இருந்தது. பாதி அவருடையது, பாதி அவர் மச்சினனுடையது. காலையில் மாமா ஓட்டுவார், மதியத்துக்கு மேல் மச்சினன். மூன்று வாரமாக அந்த வண்டி கீச்சிட்டது. பேட் தேய்ந்திருக்கும், மாற்றிவிடலாம் என்றார் கொக்கிக்காரர். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் அப்பளமாய் நொறுங்கிய ஒரு காரை அவர் இழுத்து வந்திருந்தார். அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் காரின் ஓலம்தான் கத்துகிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஓலம் இறக்காத வண்டியில் தன் தம்பி ஏறக்கூடாது என்றாள். தம்பியோ ஒரு படி மேலே போனான்.

"மாமா, நீங்க கூட்டிட்டுப் போகலைன்னா நானே வண்டியை மாஸ்டர்கிட்ட விட்டுடுவேன். பாதி என்னோடது."

"பாதி உன்னோடதுதான் மாப்ளே. எந்தப் பாதியில பிரேக் இருக்குன்னு பாத்துட்டுச் சொல்லு."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. பக்தி வந்தால் முதலில் போவது சிரிப்புதான்.

கொக்கிக்காரருக்கு உள்ளுக்குள் வேறு பயம். ஊரின் மேட்டுப் பகுதியில் கல் உடைக்கும் இடம் இருக்கிறது. அங்கே பழுதாகும் லாரிகளைப் பாரத்தோடு கீழே இழுத்து வருவது மச்சினனின் மதிய வேலை. தண்ணீர்த் தொட்டிச் சரிவு என்பார்கள். நேரே இறங்கி ஒரு பள்ளிக்கூட வாசலில் முடியும் ரோடு. போன வாரம் மாஸ்டரிடம் மௌனம் வாங்கிய ஒரு காய்கறி வேன் அதே சரிவில் சத்தமே இல்லாமல் இறங்கி, சத்தமே இல்லாமல் நிற்க மறுத்து, மாவு மில் சுவரில் போய்த்தான் சத்தம் போட்டது. நல்லவேளை, சுவருக்கு மட்டும்தான் அடி. ஓட்டியவனுக்கு நம்பிக்கை போதவில்லை என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். கூட்டம் ஆமாம் போட்டது. ஓட்டியவனும் சேர்ந்து ஆமாம் போட்டான்.

இந்த நிலையில்தான் பழைய இரும்புக்கடை தராசக்கா அவரைக் கூப்பிட்டாள். தெருவுக்கெல்லாம் அக்கா, கொக்கிக்காரருக்கு மட்டும் தங்கச்சி. எடை போடுவதில் இரும்பு, ஆள் என்று வித்தியாசம் பார்க்காதவள்.

"அண்ணே, எனக்கு ஒரு கணக்கு உதைக்குது. இந்தத் தெருவுல யார் பிரேக் மாத்தினாலும் பழைய பேட் என் கடைக்குத்தான் வரும். மாஸ்டர் வந்து நாலு மாசம் ஆச்சு. ஒரு நாளைக்கு எட்டு வண்டி மாத்தறாரு. ஒரு பேட்கூட என் தராசுல ஏறலை."

"ஓலம் இருக்கிற பேடை ஆழமா குழி தோண்டிப் புதைச்சிடறாராம், தங்கச்சி."

"கொட்டகைக்குள்ள சிமெண்டுத் தரை. நான்தான் அண்ணே அங்க முன்னாடி வாடகைக்கு இருந்தேன். எதை வச்சுத் தோண்டறாரு, விரலாலயா?"

கொக்கிக்காரர் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு அரம் இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே அவளுடைய கடை முற்றத்தில் வண்டியை ஜாக்கியில் தூக்கி முன் சக்கரங்களைக் கழற்றினார்கள். பேட் தேய்ந்து பிஸ்கட் கனத்துக்கு வந்திருந்தது. பேடின் ஓரத்தில் ஒரு சின்ன இரும்புத் தகடு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைத் தொட்டது. கத்தியது அதுதான். பேட் தேய்ந்தால் அந்த நாக்கு டிஸ்கில் உரசிக் கத்தும். மாற்றடா மடையா என்று சொல்வதற்காகவே பேடைச் செய்தவன் வைத்தது. ஒவ்வொரு பேடின் இரும்பு முதுகிலும் அரத்தால் மூன்று வெட்டுப் போட்டார் கொக்கிக்காரர். தராசக்கா தன் கையாலேயே ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அதே பேடுகளை மாட்டி, சக்கரத்தையும் பூட்டினார்கள்.

மறுநாள் காலை கொக்கிக்காரரே வண்டியை மாஸ்டரிடம் கொண்டுபோய் விட்டார். மனைவிக்கு ஆனந்தக் கண்ணீர். இருபத்திரண்டு வருடத்தில் தன் பேச்சைக் கேட்டு அவர் செய்த முதல் காரியம் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மாஸ்டர் சக்கரத்தில் காதை வைத்தார். நொறுங்கின கார் ஒன்று தெரிகிறது என்றார். ஊருக்கே தெரிந்த சங்கதி அவருக்கும் தெரிந்ததில் கூட்டம் மெய்சிலிர்த்தது. வண்டி கொட்டகைக்குள் போயிற்று. தகரக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பார்த்தால் ஓலம் பார்த்தவன் மேல் தாவும் என்று கதவில் எழுதியே வைத்திருந்தார். எழுத்துப் பிழையோடுதான், ஆனால் பயத்துக்கு இலக்கணம் எதற்கு.

ஒரு மணி நேரத்தில் வண்டி வெளியே வந்தது. முன்னே ஓட்டி நிறுத்தினார், பின்னே ஓட்டி நிறுத்தினார். ஒரு முனகல் இல்லை. கூட்டம் கைதட்டியது. மச்சினன் மாமாவைப் பார்த்த பார்வையில் மூன்று வார வெற்றி இருந்தது. கையோடு வண்டியில் தாவி ஏறினான். மேட்டில் கல் லாரி ஒன்று காத்திருக்கிறது, இப்போதே போய் இழுத்து வருகிறேன் என்றான்.

கொக்கிக்காரர் எட்டிச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இரு மாப்ளே. மாஸ்டருக்கு நாம மரியாதை செய்ய வேணாமா?" என்று மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஐயா, முதல் சவாரிக்கு நீங்கதான் முன் சீட்டுல உக்காரணும். பின்னாடி கல் லாரி. தண்ணித் தொட்டிச் சரிவுல ஒரே இறக்கம். நீங்க போட்ட பேட், நீங்க இறக்கின ஓலம். ஜம்முனு இறங்கி வரலாம்."

கூட்டத்துக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. மாஸ்டர் முன் சீட்டில் கையசைத்தபடி வருவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. மாஸ்டருக்கு மட்டும் இல்லை.

முதலில் முழங்கால் வலி என்றார். தூக்கி உட்கார வைக்க நாலு பேர் வந்தார்கள். உயரம் ஆகாது என்றார். உயரத்துக்கு ஏறவா சொல்கிறோம், அங்கிருந்து இறங்கித்தானே வரப்போகிறீர்கள் என்றாள் தராசக்கா. கடைசியில் இன்று தனக்கு மௌன விரதம், யாரோடும் பேசக்கூடாது என்றார். அதை விளக்கிச் சொல்ல அவருக்கு மூன்று நிமிடம் ஆயிற்று.

கைதட்டிய கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. மச்சினன் சீட்டில் உட்கார்ந்தபடியே மாஸ்டரைப் பார்த்தான்.

"மாஸ்டர், நான் தனியா போகலாம்ல? ஒண்ணும் ஆகாதுல்ல?"

மாஸ்டர் தகரக் கதவைப் பார்த்தார். அன்றைக்கு அவர் உண்மையாக மௌனம் காத்தது அந்த ஒரு நொடிதான்.

கொக்கிக்காரர் மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏங்க, அந்தச் சக்கரத்தைக் கழட்டுங்க" என்றாள்.  சொன்னது சரியான வார்த்தை.

நடுத்தெருவில் ஜாக்கி வைத்தார் கொக்கிக்காரர். ஓலம் தாவும் என்று நாலு பேர் பின்வாங்கினார்கள். என்மேல் தாவட்டும், எடை போட்டு விற்றுவிடுகிறேன் என்று தராசக்கா சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே வந்த பேட் பளபளவென்று நீல நிறத்தில் இருந்தது. புத்தம் புதுசு என்றது கூட்டம். தராசக்கா மண்ணெண்ணெய் நனைத்த துணியால் முதுகைத் துடைத்தாள். நீலம் துணிக்கு வந்தது. அடியில் மூன்று அரவெட்டு. சத்தத்தை அடக்க முதுகில் அப்பியிருந்த கிரீஸும் துணியோடு வந்தது. நாக்குத் தகடு இருந்த இடத்தில் இடுக்கியால் ஒடித்த தழும்பு.

"நேத்து நாங்க போட்ட வெட்டு. அண்ணன் வண்டியில இருந்த பழைய பேட்தான் இது" என்று தூக்கிக் காட்டினாள்.

மாஸ்டர் லேசில் விடுகிற ஆளில்லை. "புதுப் பேட்தாம்மா. பழைய பேடோட நினைவு அதுல இறங்கியிருக்கு. சில நேரம் அப்படி ஆகும்" என்றார்.

"நினைவு இறங்கட்டும். தேய்மானமுமா இறங்கும்?"

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அத்தோடு மாஸ்டரின் கதை முடிந்தது. சிரிப்பு வந்த இடத்தில் ஓலம் நிற்காது. தகரக் கதவை ஒரே தள்ளில் திறந்தார்கள். உள்ளே இருட்டறை இல்லை, குழி இல்லை. ஒரு நீலப் பெயிண்ட் டப்பா, ஒரு பிரஷ், கிரீஸ், இடுக்கி. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய ஒடித்த நாக்குகள், குவியலாக. நாலு மாதமாக ஊரில் உள்ள பிரேக்குகளெல்லாம் "நான் தேய்ந்துவிட்டேன்" என்று கத்தியிருக்கின்றன. இவன் நாக்கை ஒடித்து அனுப்பியிருக்கிறான். அவர் என்று மரியாதையாக எழுதிவந்த பேனாவுக்கும் இனி அந்தச் சிரமம் வேண்டாம்.

அடி விழும் என்று நினைத்தான் போலிருக்கிறது, கையால் தலையை மூடிக்கொண்டான். கொக்கிக்காரர் யாரையும் தொட விடவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை கொட்டகைத் திண்ணையிலேயே உட்கார வைத்தார்கள். அதற்குள் தெரு முழுக்க ஜாக்கிகள் முளைத்துவிட்டன. ஒவ்வொருவனும் தன் வண்டிச் சக்கரத்தைக் கழற்றி, நீலத்தைச் சுரண்டி, தலையில் அடித்துக்கொண்டான். காய்கறி வேன்காரன் இரண்டு தடவை அடித்துக்கொண்டான்.

மதியம் உதிரிபாகக் கடையில் மாமனும் மச்சினனும் அவன் அக்காவும் நின்றார்கள். சத்தமே வராத பேட் வேண்டும் என்றாள் அவள், இன்னும் மனசு கேட்காமல். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று மிருதுவானது, பூனை மாதிரி சத்தமில்லாமல் இருக்கும், ஆனால் பாரத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால் சூடேறிப் பிடி விட்டுவிடும், அது வீட்டுக் காருக்கு என்றார். மற்றது பாரம் இழுக்கிற வண்டிக்கென்று செய்தது, சூடு தாங்கும். முதுகில் அதிர்வை அடக்க ஒரு தகடு ஒட்டி, ஓரத்தைச் சாய்வாகச் சீவியிருப்பதால் பெரும்பாலும் சத்தம் வராது, காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒன்றிரண்டு தடவை முனகலாம் என்றார். நாக்கு இருக்கிறதா என்று மச்சினன் கேட்டான். இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை வாங்கினான்.

"முனகினா முனகட்டும்ங்க" என்றாள் அவன் அக்கா. "நிக்குதான்னு பாத்துக்குங்க."

காலி ரோட்டில் இருபது முப்பது தடவை மெதுவாக நிறுத்தி, புதுப் பேடைப் படிய வைத்த பிறகுதான் கல் லாரி இறங்கியது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வாசலுக்கு ஐம்பது அடி முன்னாலேயே வண்டி நின்றது. மச்சினன் இறங்கி வந்து மாமாவைக் கடைக்கு அழைத்துப் போனான். டீ வாங்கிக் கொடுத்தான். அவன் வாங்கிக் கொடுத்த முதல் டீ.

தெருவிலோ அதற்குள் எல்லாரும் அறிவாளிகள் ஆகியிருந்தார்கள். நான் அப்பவே நினைத்தேன் என்றான் ஒருவன். பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் என்றான் இன்னொருவன், மூன்று தடவை பேட் மாற்றிக்கொண்டவன். தராசக்காவின் கடையில் அன்று பழைய பேடுகள் மலையாகக் குவிந்தன. எடை போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"தேஞ்ச இரும்பு வருது, தேஞ்ச பேட் வருது. தேஞ்ச மூளை மட்டும் இதுவரைக்கும் ஒண்ணுகூட என் தராசுக்கு வரலை. உபயோகிச்சாத்தானே தேயும்."

எல்லாரும் சிரித்தார்கள், பக்கத்தில் நிற்பவனைத்தான் சொல்கிறாள் என்று ஒவ்வொருவனும் நினைத்து. படிக்கிற நீங்களும் சிரித்திருந்தால் நல்லது. சிரித்து முடித்துவிட்டு, போய் உங்கள் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.