வாக்குமூல நாற்காலி

"பேய் யாருன்னு இப்பவே சொல்லிடணுமா?" என்று கேட்டார் புதிதாக வந்திருந்த அன்செல்மோ.

"சொல்லணும். அந்த நாற்காலியில உட்கார்ந்து சொல்லணும். அதுல உட்கார்ந்து எதைச் சொன்னாலும் அது உண்மை. அப்புறம் யாரும் மாத்த முடியாது. நானே மாத்த முடியாது" என்றார் ஓவிடியோ.

ஓவிடியோவுக்குப் பரானா நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. வாரம் முழுக்க ஊராருக்குக் கண் தெரிய வைப்பார். சனிக்கிழமை மதியம் ஊரே சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்போது, கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். பேய் பிடிக்கும் ஆட்டம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஓர் உருப்படாத பேயோட்டும் கம்பெனியின் ஊழியர்கள். முன்கூட்டி எழுதிய கதை கிடையாது. பகடையை உருட்டி நல்ல எண் விழுந்தால் என்ன நடந்தது என்று உருட்டியவர் சொல்லலாம்; மோசமான எண் விழுந்தால் ஓவிடியோ சொல்வார். எவ்வளவுக்கெவ்வளவு அபத்தமோ அவ்வளவுக்கவ்வளவு மரியாதை. ஆட்டத்தில் ஒரே ஒரு பெரிய விதி அந்த நாற்காலிதான். நீலக் கோடு போட்ட துணி நாற்காலி. ஆற்றங்கரை மணலில் போட்டுச் சாய்கிற ரகம். உட்கார்ந்தால் பிட்டம் தரையைத் தொட்டுவிடும்.

அன்செல்மோ அந்த நாற்காலிக்குள் இறங்கினார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"இது எங்கப்பா வீடு. பேயும் அவர்தான். செருப்பைத் தேய்ச்சுக்கிட்டே வந்து குழாயெல்லாம் மூடியிருக்கான்னு பார்ப்பார். யாராவது ஒரு ஸ்டூலை நகர்த்தினாக்கூட அவருக்குப் பொறுக்காது."

ஓவிடியோவின் மனைவி கிரிசெல்டா கைதட்டினாள். ஓவிடியோவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. எத்தனையோ புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லாரும் முதல் நாள் உளறுவார்கள். இந்த மனிதர் வந்ததிலிருந்து நிஜப் பேயோட்டி மாதிரியே சுவரைத் தட்டிப் பார்ப்பதும், குழாய் மாற்றி எத்தனை வருஷமாச்சு என்று விசாரிப்பதுமாக அசத்திக்கொண்டிருந்தார்.

நண்பன் நவுவேல் தன் நாடக வகுப்பிலிருந்து யாராவது ஒருவரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். அவனுக்கு மருந்துக்கடையில் வேலை, தாமதமாகத்தான் வருவான். அனுப்பியது தங்கமான ஆள். கதவை விரல் நுனியால் தட்டினார். கையில் பிறைரொட்டிப் பொட்டலம். வாசலில் என்னவோ சொன்னார், ஆனால் அந்த நேரம் கிரிசெல்டா நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நாய் போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க வாங்க, உங்களுக்குத்தான் காத்திருக்கோம்" என்று அவர் ஒரு கையில் மாத்தே என்கிற மூலிகை டீக் குடுவையையும் மறு கையில் பகடையையும் திணித்து உட்கார்த்திவிட்டாள்.

நாயின் பெயர் புல்கா. ஊர்ப் பாஷையில் தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம். உருவத்தில் கன்றுக்குட்டி. போன வாரம் பகடைகளைத் தின்றுவிட்டது, அதனால்தான் சிறைவாசம்.

அன்றைக்கு ஓவிடியோவின் தலைக்கு மேல் ஒரு கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது. வாடகை ஒப்பந்தம் முடியப் போகிறது. வீட்டுக்காரப் பெரியவர் காலமாகிவிட, பியூனஸ் அயர்ஸில் இருக்கும் அவர் மகனோ மகளோ சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், நீட்டிப்பதா காலி செய்யச் சொல்வதா என்று அப்போது முடிவு சொல்வார்கள் என்று வீட்டுத் தரகர் சொல்லியிருந்தார். ஒப்பந்தத்தில் நாய் கூடாது. சுவரில் கைவைக்கக் கூடாது. நாய் இருந்தது, சுவர்தான் இல்லை. ஆட்டத்துக்கென்று செய்த பெரிய மேசை எந்தக் கதவிலும் நுழையாததால், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை ஓவிடியோ யாரையும் கேட்காமல் இடித்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல, அந்த இடத்தில் ஓர் உயரமான அலமாரி நின்றது.

புல்காவால் ஏற்கெனவே இரண்டு வீடுகளிலிருந்து துரத்தப்பட்டாயிற்று. மூன்றாவது தடவை நடந்தால் நாயோடு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், நீ உன் பகடையோடு குடும்பம் நடத்து என்று கிரிசெல்டா சொல்லியிருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிற ரகமில்லை.

ஆனாலும் மதியத் தூக்கம் கலைந்து ஐந்து மணிக்கு மேல்தானே மனுஷர்கள் நடமாடுவார்கள், அதற்குள் ஆட்டத்தை முடித்து நாயைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் விட்டுவைக்கலாம் என்று ஓவிடியோ கணக்குப் போட்டிருந்தார்.

வாசல் மணி அடித்தது. விட்டு விட்டு அல்ல. ஒரே நீட்டாக.

ஓவிடியோவின் முகம் வெளுத்தது. பரானாவில் அந்த நேரத்தில் திருடன்கூட மணி அடிக்க மாட்டான். "பியூனஸ் அயர்ஸ்" என்றார் மெல்ல.

கதவைத் திறந்தால், முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, சிவப்புக் கோட்டு, அக்குளில் ஒரு கோப்பு. அந்த அம்மாள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நிலைப்படியை மேலும் கீழும் பார்த்தாள்.

"வீட்டு விஷயமா வந்தீங்களா மேடம்?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "ஆமா. வீட்டு விஷயமாத்தான்."

"ஓனர்…?"

"பின்ன யாரு?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஓவிடியோவுக்குப் பேயே தேவலை என்று தோன்றியது. உள்ளே பாய்ந்தார். ஆட்டம் முடிந்தது, ஓனரம்மா வந்துவிட்டார் என்று கிசுகிசுத்தார். கிரிசெல்டா மேசை விரிப்பை இழுத்துப் பகடைகள்மேல் போட்டாள்.

"ஓனரா?" என்று அன்செல்மோ நிமிர்ந்தார்.

"நிஜ ஓனர் சார். இது ஆட்டமில்ல. நீங்க எங்க சொந்தக்காரர் மாதிரி சும்மா உட்காருங்க."

அன்செல்மோ இன்னும் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு, அப்படியே ஆகட்டும் என்று சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

உள்ளே வந்த அம்மாள் இது என்ன கூட்டம் என்று கேட்டாள். ஓவிடியோவின் வாயில் வந்தது ஒரே சொல்தான். "துக்கம்."

"யார் செத்தது?"

ஆட்டத்தில் கடைசியாகக் கேட்டதுதான் மண்டையில் நின்றது. "இவரோட அப்பா" என்று அன்செல்மோவைக் காட்டினார்.

அம்மாள் போய் அன்செல்மோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நல்ல மனுஷராகத்தான் இருந்திருப்பார் என்றாள். அன்செல்மோவின் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்தது. அதைப் பார்த்து ஓவிடியோவே அசந்துபோனார். நாடக வகுப்புக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குளியலறைக் கதவைப் புல்கா பிராண்டியது.

"அது என்ன சத்தம்?"

"பிளம்பர் மேடம்."

"சனிக்கிழமை மத்தியானத்துலயா?"

புல்கா நீளமாக ஊளையிட்டது.

"அவருக்குப் பல்வலி" என்றார் ஓவிடியோ.

கிரிசெல்டா அவர் விலாவில் இடித்தாள். "ஒப்பந்தத்துல நாய் கூடாதுன்னுதான் இருக்கு. பேய் கூடாதுன்னு இல்ல" என்று காதில் ஓதினாள். பெண்டாட்டி சொல் கேட்டுக் கெட்டவர் பட்டியலில் ஓவிடியோ அந்த நிமிஷமே சேர்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மறைத்துப் பயனில்லை, வீட்டில் ஒரு பேய் இருக்கிறது என்று அறிவித்தார்.

அம்மாள் பயப்படுவாள், ஓடிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.

"என் வீட்டுல பேயா? யாரோட பேய்?"

"எங்கப்பா" என்றார் அன்செல்மோ.

ஓவிடியோ மேசைக்கடியில் அவர் காலை ஓர் உதை விட்டார். ஆட்டம் முடிந்தது என்று இந்த ஆளுக்கு எத்தனை தடவை சொல்வது.

"அவர் இப்பத்தானே செத்தார்னீங்க?"

"ரொம்பச் சுறுசுறுப்பானவர்" என்றாள் கிரிசெல்டா.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அந்தப் பேயை இப்பவே என் கண்முன்னால் விரட்டுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே வீட்டைப் பூட்டிவிடுவேன் என்றாள் அம்மாள். வேறு வழி? கிரிசெல்டா ஆட்டத்தில் போடுவதுபோலவே வடிகட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அன்செல்மோ ஈ அடிக்கும் மட்டையை எடுத்துக்கொண்டார். ஓவிடியோ கையில் முடி உலர்த்தும் மெஷின். ஊரே தூங்கும் வெயிலில் நாலு பேரும் வரிசையாகக் குளியலறையை நோக்கி அடிமேல் அடி வைத்துப் போனார்கள். மந்திரம் ஏதும் உண்டா என்று அம்மாள் கேட்க, ஓவிடியோ கண்ணாடிக் கடையில் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைப் பெரிசிலிருந்து சிறிசு வரை மனப்பாடமாக ஒப்பித்தார்.

மெஷினின் மின்கம்பி நீளம் போதவில்லை. அது அலமாரியின் காலில் சுற்றிக்கொண்டதை ஓவிடியோ கவனிக்கவில்லை. ஓர் இழுப்பு இழுத்தார். அலமாரி ஆடி, யோசித்து, தடால் என்று விழுந்தது. பின்னால் சமையலறை, அடுப்பு, நேற்றுக் கழுவாத பாத்திரம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"என் சுவர் எங்க?" என்றாள் அம்மாள்.

"பேய் எடுத்துட்டுப் போயிடுச்சு."

"செங்கல், காரை எல்லாத்தையுமா?"

"சுத்தபத்தமான பேய் மேடம்."

அலமாரி விழுந்த சத்தத்தில் மிரண்ட புல்கா ஒரே மோதலில் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தது. குளியல் திரை அதன்மேல் சுற்றியிருந்தது. வெள்ளையாக, தலையில்லாமல், முனகிக்கொண்டு ஓர் உருவம் கூடத்துக்குள் பாய்ந்ததைப் பார்த்து, அந்த நாயைத் தன் கையாலேயே குளிப்பாட்டி வளர்த்த ஓவிடியோவே ஐயோ என்று அலறினார். உருவம் நேராக அன்செல்மோவிடம் போய், திரைக்குள்ளிருந்து நாக்கை நீட்டி, அவர் மோவாயில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கை நக்கியது.

ஓவிடியோ பின்னால் நகர்ந்தார். பக்கத்தில் இருந்த நாற்காலியில் விழுந்தார். அது நீலக் கோடு போட்ட நாற்காலி. எத்தனையோ சனிக்கிழமைகளின் பழக்கம். அதில் உட்கார்ந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பேயும் இல்ல, பிளம்பரும் இல்ல. அது எங்க நாய். சுவரை இடிச்சது நான்தான். இந்த வீட்டையும் விட்டா இவ அக்கா வீட்டுக்குப் போயிடுவா மேடம். இவ இல்லாம நான் பகடைய உருட்டி என்ன பண்றது? எனக்கு பயமா இருக்கு."

கிரிசெல்டா வடிகட்டியைத் தலையிலிருந்து எடுத்தாள். தான் சொன்னதை இந்த மனுஷன் இவ்வளவு நாளாக மனசில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் கண் கலங்கியது.

அம்மாள் வந்து ஓவிடியோவைக் கைகொடுத்துத் தூக்கினாள். பிறகு அதே நாற்காலியில் தான் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன், கேட்டுக்கங்க. நாய் இருக்கட்டும். சுவர் வேண்டாம், இப்பத்தான் காத்து வருது. பத்து வருஷத்துக்கு நீங்க இங்கதான் இருக்கப்போறீங்க."

ஓவிடியோ அவள் கன்னத்தில் முத்தமிட்டார். கிரிசெல்டா நாயைக் கட்டிக்கொண்டாள். அன்செல்மோ ஈ மட்டையால் தொடையில் தட்டித் தாளம் போட்டார்.

அப்போதுதான் நவுவேல் மருந்துக்கடை வெள்ளைக் கோட்டோடு உள்ளே வந்தான்.

"அட மிர்னா, வழி கண்டுபிடிச்சு வந்துட்டியா?"

அம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. "என்ன ஆட்டம்டா இது. வாசல்லயே எனக்கு ஓனர்னு பாத்திரம் கொடுத்துட்டாங்க. யார் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லி மேல கொண்டுபோன்னு வகுப்புல சொன்னாங்கல்ல, அப்படியே புடிச்சுக்கிட்டேன்" என்றவள், ஓவிடியோவின் தோளைத் தட்டினாள். "பொண்டாட்டி போயிடுவான்னு அழுதீங்க பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

"அப்ப நீங்க ஓனர் இல்லையா?"

"ஓனரா? நான் தங்கச்சி வீட்டு சோபாவுல படுத்துக்கிட்டு இருக்கேன்."

முதலில் உயிர் வந்தது கிரிசெல்டாவுக்குத்தான். அப்படியானால் நிஜ ஓனர் இனிமேல்தான் வரவேண்டும். அலமாரியைத் தூக்கு, திரையை மாட்டு, நாயைக் கிளப்பு என்று உத்தரவுகள் பறந்தன. நவுவேலும் மிர்னாவும் ஒரு பக்கம், ஓவிடியோவும் அன்செல்மோவும் மறுபக்கம். மூச்சுமுட்ட அலமாரியை நிமிர்த்தி ஓட்டையை மறைத்தார்கள். அன்செல்மோ தோளைக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளினால் சுத்தமாகத் தெரியாது என்று யோசனையும் சொன்னார்.

தள்ளிவிட்டுத்தான் ஓவிடியோவுக்கு உறைத்தது.

"நவுவேல் ஒருத்தரைத்தானே அனுப்பறேன்னான்" என்றார். "சார்… அப்ப நீங்க யாரு?"

அன்செல்மோ கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அந்த நீலக் கோட்டு நாற்காலிக்குள் மெல்ல இறங்கினார். புல்கா வந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டது.

"இதுல உட்கார்ந்து சொன்னதை யாராலயும் மாத்த முடியாதுன்னு விதி வெச்சது நீங்கதானே?" என்றார். "இது எங்கப்பா வீடுன்னு நான் அப்பவே சொல்லிட்டேன், பத்து வருஷம்னு அந்தப் பொண்ணும் சொல்லிடுச்சு, இனிமே நான் என்ன பண்ண முடியும்?"